கழித்தது போக

பக்கத்துக் கட்டில்காரிக்கும் எனக்கும் ஒரே நோய். சொந்த ரத்தமே பகையாகி, ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்திலுள்ள மஞ்சள் நீரான எங்கள் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறு ஏற்றினார்கள். மொத்தம் ஏழு முறை.

அவள் மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள். கழுத்தில் குழாய் இருக்கும்போதும் வெறும் விரல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைக்கு முந்நூறு சுற்று வரை எண்ணியிருக்கிறேன்.

ஐந்தாம் முறை, மஞ்சள் பை நிறைவதைப் பார்த்தபடி சொன்னாள்: "கடையில மோசமான பீடியக் கழிக்குத மாதிரில்லா என் ரத்தத்தையும் கழிக்காவ. கழிச்சது போக எம்புட்டு தேறும், அண்ணாச்சி? நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுதீயளே."

"டாக்டரைக் கேளும்மா."

"அவரு ஏழும் முடியட்டும்ங்காரு."

ஆறாம் முறை அவள் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸிடம் கேட்க இருமுறை வாயெடுத்தேன், கேட்கவில்லை. எனக்கு ஏழும் முடிந்துவிட்டது. அவள் கணக்கில் மட்டும் இன்னும் ஐந்திலேயே நிற்கிறேன்.