அணியத்தில் ஒரு மணல் மூட்டை

நெடுந்தீவில் இறங்கிக் கிறிஸ்தோப்பரின் வீடு எது என்று விசாரித்தால், "ஆர், மூட்டைக்காரனோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவருடைய காதுபட யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், மனுசனுக்கு மூக்கின் நுனியில் கோபம். ஆனாலும் அந்தப் பட்டம் அவருக்குத் தெரியும். தனியாகக் கடலுக்குப் போகிற ஒருவர், படகின் முன்பக்கமான அணியத்தில் ஒரு மணல் மூட்டையை இருத்தி, அதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு லைஃப் ஜக்கெற்றும் மாட்டி, கூடவொரு ஆளை ஏற்றிப் போவதுபோலக் கொண்டு திரிந்தால் ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

மூட்டை அவருடையது. ஜக்கெற் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கொடுத்தது. சண்டை முடிந்த கையோடு அவர்கள் தீவுக்கு வந்து, தொழில் இழந்து நின்றவர்களுக்குப் படகு கொடுத்தார்கள். இரண்டு குடும்பத்துக்கு ஒரு படகு என்பது அவர்களுடைய முறை. கிறிஸ்தோப்பரும் அவருடைய தங்கை ஜசிந்தாவின் புருசன் ஜெனிஸ்ரனும் ஒரு சோடி. படகு, இஞ்சின், வலை, இரண்டு ஜக்கெற் எல்லாம் கையில் வந்த அன்று, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொழில் செய்யவேணும், ஜக்கெற் போடாமல் ஒருத்தரும் ஏறக்கூடாது" என்று நிறுவனத்து அலுவலர் கண்டிப்பாகச் சொன்னார். கிறிஸ்தோப்பர் அதைப் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார்.

ஜெனிஸ்ரன் வாய் ஓயாதவன். அணியத்தில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மச்சானின் முகத்தைப் பார்த்துக் கதை அளந்துகொண்டே வருவான். இஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காது. கேட்காத பாதிக்கும் கிறிஸ்தோப்பர் தலையாட்டுவார்.

ஒரு வருசம்கூட ஆகவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் படகு போகிறது என்று யாரோ சொல்ல, அவனும் கிளம்பிவிட்டான். தெற்கே எங்கோ ஒரு கரையிலிருந்து ஒரு தடவை போனில் பேசினான். "ஏறப்போறன் மச்சான். அவளைப் பாத்துக்கொள்ளுங்கோ." அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தப் படகு போய்ச் சேர்ந்தது என்றும் ஒருவரும் சொல்லவில்லை, கடலில் மூழ்கிப்போனது என்றும் சொல்லவில்லை. ஜசிந்தா அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. செத்தவர்களின் திருநாளன்று ஊரே சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாள்.

மச்சான் போனபிறகு கூலிக்கு இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். அணியத்தில் போய் உட்கார்ந்தவுடனேயே கிறிஸ்தோப்பர் அவர்கள்மேல் எரிந்து விழுவார். உட்காரவேண்டிய இடம் வேறு எதுவும் படகில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர்கள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். முன்பாரம் இல்லாத படகோ மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அலையிலும் அடித்தது. அதனால்தான் மணல் மூட்டை.

ஜக்கெற்றின் கதை வேறு. நிறுவனத்துக்காரர் வருசத்துக்கு ஒரு தடவை படகுகளைப் பார்க்க வருவார்கள். ஆள் குறைந்தது தெரிந்தால் படகைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று கிறிஸ்தோப்பர் முடிவுகட்டிவிட்டார். அப்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் தந்தவன் திரும்பப் பறிப்பதைத் தீவில் கண்டவர்தானே. கரையிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு முன்னும் பின்னும் இரண்டு செம்மஞ்சள் தெரியவேண்டும், அவ்வளவுதான். நேரில் கேட்டால், "மச்சான் குருநகருக்கு வலை வாங்கப் போயிட்டார்" என்பார். இத்தனை வருசமாக வாங்கிய வலையை விரித்தால் முழுத் தீவையும் மூடலாம்.

வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. மனைவி மேர்சி மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாத விசாவில் பிரான்சுக்குப் போனவள், பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனின் கண்ணாடிக்குள் வந்து, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பாள். ஓம் என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது.

அவருடைய வளவுக்கும் தங்கையின் வளவுக்கும் இடையில் ஒரு கல்மதில். மீனை விற்கமுன் கறிமீன் எடுப்பது தொழிலாளியின் உரிமை. அவர் எப்போதும் இரண்டு பங்கு எடுப்பார், ஒரு பங்கை மதிலின் மேல் வைப்பார். மத்தியானம் அதே இடத்தில் கறிச்சட்டி இருக்கும். அண்ணனும் தங்கையும் அந்த மதிலால் பேசிக்கொண்டார்கள், ஆனால் ஜெனிஸ்ரனின் பெயர் மட்டும் அந்த மதிலைத் தாண்டியதில்லை. யார் முதலில் எடுப்பது என்கிற பயம். இரண்டு வீட்டிலும் தனித்தனியே ஆளுக்கொரு கோப்பைச் சோறு.

போன கச்சான் காற்றுக் காலத்தில் நடுக்கடலில் இஞ்சின் நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை கிழிந்ததுதான் மிச்சம். காற்று தள்ளிய பக்கமாகப் பகல் முழுவதும் இழுபட்டுப் போனார். பயத்தில் வாய்விட்டுப் பேசத் தொடங்கினார், மூட்டையோடு. அது பதில் சொல்லாதது அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாக உறைத்தது. பொழுதுசாய அனலைதீவுக்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். மதிலடியில் ஜசிந்தா நின்றாள். மதிலின் மேல் கறிச்சட்டி சுடச்சுட இருந்தது.

இந்த வருசம் நிறுவனத்திலிருந்து கோபிகா என்ற பிள்ளை வந்தாள். தீவில் வேலையை முடித்துக்கொண்டு போகிறார்களாம். போகமுன் பழைய படகுகளுக்குப் புது இஞ்சின் கொடுக்கிறார்களாம்.

"ஆனா ரெண்டு பேரும் நேரை வந்து கையெழுத்து வைக்கவேணும் அண்ணை. ஒராள் இல்லாட்டி, அவரின்ரை இடத்திலை வேறை ஆளின்ரை பேரைப் போடலாம். அதுக்கு அவரின்ரை வீட்டு ஆக்கள் சம்மதிக்கவேணும்."

"படகைப் பறிக்கமாட்டியளோ?"

"ஏன் பறிக்கிறம்?" என்று அவள் சிரித்தாள்.

கிறிஸ்தோப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. புது இஞ்சின் இல்லாமல் இன்னொரு கச்சானை அவரால் தாண்ட ஏலாது, அது நிச்சயம். கடற்கரையில் கூடத் தொழில் செய்கிற குலசிங்கம், "என்ரை பேரைப் போடு, நான் வாறன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் சம்மதத்துக்கு ஜசிந்தாவிடம் போகவேண்டும். போய் என்னவென்று கேட்பது? உன் புருசன் இனி வரமாட்டான், அவனுடைய இடத்தைக் கொடு என்றா? அன்றும் மறுநாளும் மீனை மதிலில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கருவேப்பிலை கிடக்கோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

இஞ்சின் கொடுக்கிற நாளில் இறங்குதுறையில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். குறிகட்டுவானுக்குத் திரும்புகிற படகைப் பிடிக்கவேண்டிய அவசரத்தில் கோபிகா விறுவிறென்று பெயர்களை வாசித்தாள்.

"கிறிஸ்தோப்பர், ஜெனிஸ்ரன்."

அவர் மட்டும் முன்னே போனார்.

"மற்றவர் எங்கை அண்ணை?"

வாய் பழக்கத்தில் குருநகர் என்று தொடங்கியது. முடிக்க ஏலவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும். 

"அவர் இல்லை, பிள்ளை."

ஜசிந்தாவின் குரல். எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியாது. கையெழுத்துக் கதை ஊர்வாயால் அவளுடைய காதுக்கும் எட்டியிருக்கவேண்டும்.

"அவர் இனி வரமாட்டார். நான்தான் அவரின்ரை மனுசி. என்ரை பேரைப் போடும்."

"அக்கா, கடலுக்குப் போற ஆளின்ரை பேர்..."

"ஓம். அதுதான் சொல்லுறன்."

கோபிகா கிறிஸ்தோப்பரைப் பார்த்தாள். கிறிஸ்தோப்பர் நிலத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார், இஞ்சின் சத்தத்தில் கேட்காத கதைக்கு ஆட்டுவதுபோல.

மறுநாள் விடியவே ஜசிந்தா கரைக்கு வந்துவிட்டாள். பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துவாய். படகில் ஏறி நேரே அணியத்துக்குப் போனாள். எரிந்து விழுகிற வழக்கமான கோபம் வரும் என்று கிறிஸ்தோப்பர் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

"இந்த ஜக்கெற்றை ஏன் இதுக்குப் போட்டனீங்கள் அண்ணை?"

"நிறுவனத்துக்காரர் தூரத்திலை நிண்டு பாத்தா ரெண்டு பேர் எண்டு நினைப்பினம் எண்டு."

அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உப்பில் இறுகிக் கிடந்ததால் நேரம் எடுத்தது.

"அவை நினைச்சினமோ தெரியாது. நான் நினைச்சனான். நீங்கள் கரைக்குத் திரும்பி வரேக்கை, குசினி யன்னலாலை பாத்தா முன்னுக்கு ஒராள் இருக்கிறமாதிரித் தெரியும். மூட்டை எண்டு தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு நாளும் அடுப்பை விட்டிட்டு ஓடிவந்து பாப்பன்."

 அத்தனை வருசமும் யாருக்குப் பொய் காட்டிக்கொண்டிருந்தோம் என்று கிறிஸ்தோப்பருக்கு அப்போதுதான் விளங்கியது.   

ஜக்கெற்றைத் தான் போட்டுக்கொண்டாள். மூட்டையின் வாயை அவிழ்த்து, படகின் விளிம்பில் சாய்த்து, மணலைக் கடலில் கொட்டினாள். அது கொட்டி முடிய வெகுநேரம் ஆனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெறும் சாக்கை உதறி மடித்துவிட்டு, அவள் சிலுவை போட்டாள்.

பிறகு அணியத்தில் உட்கார்ந்தாள், பின்பக்கம் திரும்பி, அண்ணனின் முகத்தைப் பார்த்து.