ஆறினால் தெரியும் நீலம்

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பாலைச் சோதிக்கிறவள் மலர்க்கொடி. வேதியியல் படித்தவள். மூக்குக்கு மேல் கோபம் வரும். கெட்டியாகக் காட்டப் பாலில் கஞ்சி கலந்தால் அவளிடம் தப்பாது. கொதிக்கவைத்து ஆறவிட்டு நாலு சொட்டு அயோடின் விட்டால் பால் நீலமாகிவிடும்.

"அரிசி மாவுச்சத்து வைக்கோல் புரி மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்குங்க. அயோடின் அதுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா நீலமாத் தெரியும்" என்பாள்.

போன தை மாதம் ஒருநாள் காலை துரைக்கண்ணு வீட்டுப் பால் நீலம் காட்டியது. ஒன்பது மாடு வைத்திருக்கிறவர். மலர்க்கொடியின் அம்மா பொன்னுத்தாய் காலமெல்லாம் நடவு நட்டது அவர் வயலில்தான். மலர்க்கொடி கேனைத் திருப்பி அனுப்பினாள். அரை மணியில் அதே கேனோடு அவரே வந்து நின்றார்.

"எங்க வயல்ல நடவு நட்டவ மவ என் பாலத் தப்புங்கிறா! எல்லாரும் பாக்க இப்பவே சோதிங்க. பொய்யின்னா அவ வேலைய விட்டுப் போவணும்."

செயலாளர் புகழேந்திக்குப் பெரிய மனிதரைக் கண்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. பால் வேன் வேறு வந்து நின்றது. புகழேந்தியே பாலைக் கொதிக்கவைத்து, ஆறவிடாமல் சுடச்சுட அயோடினை விட்டார். நீலம் துளியும் இல்லை.

"நாளையிலேர்ந்து வராதம்மா" என்றார் மலர்க்கொடியிடம்.

பால் ஊற்ற வந்த நானும் அங்கே நின்றேன். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மலர்க்கொடி சோதனைக் குழாயைச் செயலாளர் கையிலிருந்து வாங்கி, ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தினாள்.

"சூட்டுல புரி பிரிஞ்சிடும் சார். மாட்டின அயோடின் வெளிய வந்துடும். ஆறட்டும்."

"வேன் நிக்குதும்மா!"

"நிக்கட்டும். இது ஆறாம நான் நகர மாட்டேன்."

வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முதலில் குழாயின் அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. பிறகு மேல்வரை நீலம் ஏறியது.

துரைக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. "சத்தியமா நான் எதுவும் கலக்கலம்மா."

"மாட்டுக்குக் கஞ்சி வைக்கிற வாளியிலயே கறந்திருப்பாங்க. நல்லாக் கழுவச் சொல்லுங்க. இந்தப் பால் மட்டும் வேண்டாம்ங்க."

மறுநாள் கேனை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லாமலே ஓரமாக நின்றார். அவள் பாலைக் கொதிக்கவைத்துக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தியதும், மெதுவாகக் கேட்டார்.

"ஆறிடுச்சாம்மா?"