வரிசையில் என் லோரி

அப்படியா சொன்னாள் மண்டோர் வீட்டுக்காரி? கோயில் வாசலில் கிழவி பொம்மை வைத்து விளையாடினாள் என்றா? பொம்மை இல்லை தங்கச்சி, லோரி. கதவு திறக்கும், சக்கரம் சுற்றும், பின்னால் தொட்டி சாயும். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும்தான் நீளம், அது ஒன்றுதான் குறை. நீ போன மாதம்தானே இந்த எஸ்டேட் லயத்து வீட்டுக்குக் குடிவந்தாய், உனக்கு எங்கே தெரியப்போகிறது. உட்கார், நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொல்கிறேன்.

என் மகன் தஞ்சோங் காராங்கில் பொருட்காட்சி போட்டபோது வளையம் எறிந்து ஒரு பெட்டி ஜெயித்துக்கொண்டு வந்தான். மேலே கப்பல் படம். உள்ளே சாம்பல் நிறத்தில் குச்சி குச்சியாகப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு சின்னப் பசை, மடித்த தாள். அவனுக்கு அதில் பொறுமை இல்லை, அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டான். தூசி தட்டும்போது நான் திறந்து பார்த்தேன். தாள் முழுக்க ஜப்பான்காரன் எழுத்து. எங்கள் வீட்டில் படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். ஆனால் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது, எந்தத் துண்டு எதில் சொருகும் என்று அம்புக்குறி. நம்பர் எனக்குத் தெரியும். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் நின்று நின்று தெரிந்துகொண்டது. அப்புறம் என்ன, நாலு நாள் சமையலில் உப்புக்கூடச் சரியாகப் போடாமல் அந்தக் கப்பலைக் கட்டி முடித்தேன். அதைக் கட்டிய சந்தோஷம் இருக்கிறதே, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

அன்றிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய்க்குச் சாமான் வாங்கப் போனால் சீனன் கடையில் ஒரு பெட்டியாவது கையில் எடுத்துப் பார்க்காமல் வரமாட்டேன். அந்தக் கடைக்காரர் முதலில் பேரனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு புதுப் பெட்டி வந்தால் எனக்காக ஒதுக்கி வைத்துவிடுவார்.

இதற்கிடையில் கண் தொல்லை வந்து சேர்ந்தது. இடது கண்ணில் எப்போதும் பனி மூட்டம், விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் ஒரு வளையம். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும், அப்புறம் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். பலாப்பழம் மாதிரி அதுவும் பழுக்கவேண்டுமாம். சரி, பழுக்கிற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? என் கண்ணாடியைப் போட்டு அதன் மேல் என் வீட்டுக்காரர் கண்ணாடியையும் வைத்துக்கொண்டேன். சின்னத் துண்டெல்லாம் சுண்டைக்காய் அளவுக்குத் தெரிந்தது. அவருக்குத்தான் பாவம், பேப்பர் படிக்க முடியாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

“ஏ புள்ள, ஒரு சேதியில பாதியில நிக்கிறேன். கண்ணாடியக் குடு.”

“அது நேத்து பேப்பர்தானே. எங்க ஓடிறப் போவுது?”

முணுமுணுத்துக்கொண்டே போய்க் கோழிக்குத் தீனி போடுவார். கோழி கொழுத்ததே என் லோரியால்தான்.

லோரிக்கு வருகிறேன். என் மகன் எஸ்டேட் லோரி ஓட்டுகிறான், செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவது. பச்சை லோரி, பக்கத்தில் நீளத்துக்கு ஒரு மஞ்சள் பட்டை. சீனன் கடையில் லோரிப் பெட்டி வந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன், இதை என் மகன் லோரி மாதிரியே பண்ணவேண்டும். ஆயுத பூசை அன்று நம் கோயில் வாசலில் லோரி, டிராக்டர், மோட்டார் சைக்கிள், மருந்து அடிக்கிற பம்பு, புல்வெட்டி எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நிற்கும் இல்லையா, பூசாரி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த வரிசையில் இதுவும் நிற்கவேண்டும். நான் ரப்பர் மரம் சீவிய காலத்தில் என் உளிக்கும் அங்கே பொட்டு வைத்தார்கள். இப்போது என் கைக்கு இருக்கிற வேலை இதுதான். இதற்கும் பொட்டு வைக்கவேண்டாமா?

கட்டியாயிற்று, பச்சையும் பூசியாயிற்று. மஞ்சள் பட்டையில்தான் மாட்டிக்கொண்டேன். தூரிகையை வைத்தால் எனக்கு நேராகத்தான் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் மகன் பார்த்துவிட்டு, ஆறு ஓடுகிற மாதிரி ஓடுகிறது என்றான். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் ஆறு. மருமகள் ராவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவள், அங்கே இருந்து ஒட்டுகிற டேப்பு கொண்டு வந்து கொடுத்தாள். ஒட்டினேன். உரித்தபோது அடியில் இருந்த பச்சையும் சேர்ந்து வந்துவிட்டது. அதைத் திருத்திப் பூசுவதற்குள் பூசை நெருங்கிவிட்டது. வீட்டுக்காரர் தான் போட்டுத் தருகிறேன் என்று வந்தார். அவர் கை தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலே அலை அடிக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகன் அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

“அம்மா, இத வரிசையில வைக்காதம்மா. கோணப் பட்டையோட என் லோரி பக்கத்துல நின்னா, மத்த டிரைவருங்க வருசம் பூரா என்னைய ஓட்டுவானுங்க.”

“பட்டை நேரா வந்தா?”

“நேரா வந்தா வையி. நானே எடம் விட்டு நிறுத்துறேன்லா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மறுநாள் விறகு பொறுக்க லயத்துக்குப் பின்னால் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் கம்பத்துக்காரர் தோட்டத்தில் இன்னும் கொஞ்சம் ரப்பர் மரம் நிற்கிறது பார், நம்முடையதெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. அங்கே நிற்கிற மரத்தில், பழைய பழக்கம், கை தானாகப் போய் வெட்டுக்கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தது. பட்டுப் பாவாடை ஜரிகை மாதிரி ஒரே இழுப்பில் வந்தது. அடியில் மரப்பட்டை அப்படியே இருந்தது, ஒரு செதில்கூடப் பெயரவில்லை. விறகை மறந்துவிட்டேன். எத்தனை வருஷம் உரித்திருப்பேன் தங்கச்சி, அதில் இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே.

கம்பத்து மலாய்க்காரம்மா, அந்த மக்சிக் வீட்டில் கேட்டு, பால் டின் மூடியில் கொஞ்சம் காயாத ரப்பர் பால் வாங்கி வந்தேன். லோரித் தொட்டியின் பக்கம் முழுக்க அதைத் தடவிக் காயவைத்தேன். காய்ந்ததும் தோல் மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொட்டியில் பலகை பொருத்திய இடம் மாதிரி நீளத்துக்கு இரண்டு மேடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். ஒரு மேட்டை நகத்தால் பிடித்துக்கொண்டு, சவர பிளேடை அதன் ஓரமாகவே இழுத்தேன். பாலைமட்டும் அறுக்கவேண்டும், அடியில் காயம் படக்கூடாது. அந்த அளவு என் கைக்குத் தெரியும், மரத்தில் காயம் பட்டால் மேற்பார்வை பார்க்கிற மண்டோர் சும்மா விடுவாரா? இன்னொரு மேட்டிலும் அதே மாதிரி. நடுவில் இருந்த தோலை உரித்தால் நாடா மாதிரி வந்தது. அந்த இடத்தில் மஞ்சளைப் பூசினேன், கோணலோ நேரோ கவலைப்படாமல், தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி.

மஞ்சள் காய்கிற வரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மூடியைப் போட்டு மூடிவைத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் மோந்து பார்த்தேன். பிறகு மிச்சப் பாலையும் பிடித்து உரித்தேன். விரலால் தடவினால் பட்டை நேராக இருக்கிற மாதிரிதான் பட்டது. ஆனால் என் விரலை நான் நம்பினால் போதுமா?

மகன் வேலை முடிந்து வந்தான். லோரியைக் கையில் கொடுத்தேன். வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனான், ஒரு கண்ணை மூடி இந்தப் பக்கம் பார்த்தான், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தான். ஓர் இடத்தில் மஞ்சள் கொஞ்சம் கசிந்திருக்கிறது என்றான். நான் மண்ணெண்ணெய்த் துணியை எடுக்கப் போனேன்.

“நம்பர் போடலயேம்மா. நம்பர் இல்லாம ரோட்டுக்கு எப்படிப் போறது?” என்றான்.

நம்பர் பார்த்தால் தெரியும், எனக்கு எழுதவா தெரியும். அவனே வெள்ளைத் தாளைச் சின்னதாக வெட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் லோரி நம்பரை எழுதி ஒட்டினான்.

பூசை அன்று சொன்ன மாதிரியே இடம் விட்டு நிறுத்தினான். பெரிய லோரியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், முக்காலி மேல் என் லோரி. மற்ற டிரைவர்கள் வந்து பார்த்தார்கள். சிரிக்கத்தான் செய்தார்கள், ஆனால் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பூசாரி பொட்டு வைத்ததும் முன்கண்ணாடியே மறைந்துபோயிற்று. பிறகு வழக்கம்போல் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தவர், என் லோரி முன்னால் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பழம் சக்கரத்தின் உயரம். ஏறவே ஏறாது. விட்டுவிடலாமா என்று என் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். பழம் நசுங்காமல் எந்த வண்டி நகரும், சொல்.

வீட்டுக்காரர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. கோயிலுக்குப் பின்னால் போய்விட்டுக் கையை மூடிக்கொண்டு வந்தார். திறந்தால் மணத்தக்காளிப் பழம், கறுப்பாக, உருண்டையாக.

“லோரிக்கேத்த எலுமிச்சம்பழம்” என்று பூசாரியிடம் நீட்டினார்.

பூசாரி அதை விரலால் உருட்டிப் பார்த்தார். வாங்கி, மந்திரம் சொல்லிச் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் வைத்தார். என் மகன் குனிந்து, ஒரு விரலால் லோரியைத் தள்ளினான். பழம் நசுங்கிக் கருநீலச் சாறு டயரில் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் தன் பெரிய லோரியில் ஏறி எஞ்சினைப் போட்டான். அதற்கு முன்னால் இல்லை, கவனித்துக்கொள்.

இப்போது டிராக்டர் டிரைவர் ஒருவர் தன் டிராக்டர் மாதிரியே ஒன்று பண்ணித் தரச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார். பெட்டியில் வந்த பின்சக்கரம் ஒன்றைக் காணோம், இங்கேதான் எங்கேயோ விழுந்து கிடக்கிறது. நீ காலை எடுத்து வைக்கும்போது பார்த்து வை. அட, குழாயில் காற்று சீறுகிறது, தண்ணீர் விட்டுவிட்டார்கள். தொட்டியில் ஒரு சொட்டு இல்லை, இப்போது பிடிக்கவில்லை என்றால் சாயந்தரம் வரை தவம்தான். எழுந்திரு தங்கச்சி, உன் வாளியையும் கொண்டு வா.