விலகி நின்ற மயில்

அறுபதுகளில் சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் தாளில் ஏற்றுவோம். ஒரு நிறம் நூலளவு விலகினாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பேச மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே பல வருஷம் கழித்துத்தான். அவள் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று கிடந்தேன்.

பட்டாசுப் பெட்டியில் சுற்றும் வண்ணக் கண்ணாடித்தாளைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியைக்கூடத் தொடாமல் வேலையில் இறங்கினேன். முன்னும் பின்னும் திறந்த ஒரு மரப்பெட்டி, டார்ச் பேட்டரி, சின்ன பல்பு. ஒரு மயிலின் நீலத்தை ஒரு கண்ணாடித்தாளில், மஞ்சளை ஒரு தாளில், சிவப்பை ஒரு தாளில் என்று பிரித்து வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிக்குள் வைத்தேன். கைப்பிடியைச் சுற்றினால் தாள்கள் நகரும். மூன்றும் சரியாகப் பொருந்தி மயில் வந்துவிட்டால் பல்பு எரியும். முடித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் சுற்றினாள். மயில் பொருந்தப்போகிற நேரம் பார்த்துப் பின்னுக்குத் திருப்பினாள். மறுபடியும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துச் சுற்றி, மயிலைக் கச்சிதமாகப் பொருத்தினேன். பல்பு எரிந்தது. அவள் வீறிட்டு என் கையைக் கடித்துவிட்டாள்.

என் மனைவி சிரித்தாள். "ஏங்க, இது ஒங்க கம்பெனி லேபிளா? ஆர்டர் குடுத்தவுக பாக்க வாராகளாக்கும்? அவளுக்கு எது பிடிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் நகர்ந்து நீலத்தின் மேல் ஏறும் ஓரத்தில் புதுசாக ஒரு பச்சை முளைக்கும். அங்கேதான் அவள் விரல்கள் துள்ளின. நான் காலமெல்லாம் கழிவுத் தாள் என்று கிழித்துப் போட்டதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டு பல்புக் கம்பியைக் கழற்றினேன். நிறங்கள் விலகினால் பல்பு எரியும்படி மாற்றி முடுக்கினேன்.

சுற்றினாள். எரிந்தது. கலகலவென்று சிரித்தாள். அப்புறம் என் விரலைப் பிடித்து இழுத்துக் கைப்பிடியில் வைத்தாள், என் முறையாம். நானும் சந்தோஷத்தில் சுற்றினேன். பழக்க தோஷம், மயிலை அச்சு அசலாகப் பொருத்திவிட்டேன். பல்பு அணைந்துபோனது.

அவள் என் விரலோடு சேர்த்துக் கைப்பிடியைப் பின்னுக்குத் திருப்பி, மயிலைக் கலைத்தாள். பிறகு, எனக்குப் புரிந்ததா என்று தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.