அம்சவள்ளி வைத்த பூ

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ரவாங்கில் இருந்த ஜப்பான்காரர்களின் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுகிறவள் அம்சவள்ளி. அங்கே அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து புருஷன் செல்லன் போய்ச் சேர்ந்தபோது மகள் கங்கா கைக்குழந்தை. அன்றோடு அம்சவள்ளிக்குத் தலையில் பூ இல்லை, மூக்கில் மூக்குத்தி இல்லை, கல்யாண வீட்டில் முன்வரிசையில் இடமும் இல்லை. யாரும் அவளை விரட்டியதில்லை. "நீ பின்னால கொஞ்சம் பாத்துக்க அம்சா" என்பார்கள், அவ்வளவுதான். பின்னால் என்றால் அடுப்படி. இத்தனை மரியாதையாக ஒரு மனுஷியை ஒதுக்கி வைக்க நம் சனத்தை விட்டால் ஆள் கிடையாது.

எண்பத்து நாலாம் வருஷம் ஃபேக்டரி மேனேஜரின் அக்கா ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தார். கிமூரா என்று பெயர். பூ அலங்காரம் சொல்லிக் கொடுப்பதில் அவர் ஊரில் பெரிய ஆளாம். மேனேஜர்மாரின் மனைவிகளுக்காக ஃபேக்டரி ஹாஸ்டல் ஹாலில் சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு வைத்தார். அவர்கள் அவரை 'சென்செய்' என்று கூப்பிட்டார்கள், டீச்சர் என்று அர்த்தம். நம்மவர்கள் 'பூ டீச்சர்' என்றார்கள். அந்த மனைவிமார் வாசனையாக வருவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், பூவைச் செருகி வைத்துவிட்டு மணியைப் பார்ப்பார்கள். கார் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போன பிறகும் டீச்சர் தனியாக உட்கார்ந்து அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கீழே கிடக்கும் காம்புகளைக் கூட்ட வந்த அம்சவள்ளிக்கு அதைப் பார்க்க என்னவோ போல இருக்கும். பெரிய வீடு, பெரிய பேர், பேசத்தான் நாதி இல்லை.

ஒருநாள் டீச்சர் கத்திரியை அவள் பக்கம் நீட்டினார். அம்சவள்ளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். "சாயா ஜண்டா" என்றாள், நான் விதவை என்று. டீச்சர் உடனே ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். ஐயோ, மூக்குத்தி எங்கே என்று கேட்கிறார் போல என்று நினைத்து அம்சவள்ளி தன் மூக்கின் வெறும் துளையைத் தடவிக்கொண்டாள். டீச்சர் மறுபடியும் மூக்கைத் தொட்டு, "சாயா பூன் சாமா" என்றார், நானும் அப்படித்தான் என்று. ஜப்பான்காரர்கள் 'நான்' என்பதற்கு நெஞ்சைத் தொடுவதில்லை, மூக்கைத்தான் தொடுவார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் தினம் விடிந்ததும் செத்துப்போன புருஷன் படத்துக்குப் பூ வைக்கிறவர் என்று தெரிந்ததும் அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கையால்! யாரும் ஒன்றும் சொல்லாமல்!

கத்திரியை வாங்கினாள். முதல் நாள் அவள் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். கொடுத்த பூவையெல்லாம் நெருக்கமாகச் சேர்த்து, வாழை நார் இல்லாததால் சேலை நூலை உருவிக் கட்டிவிட்டாள். கை பழசை மறக்கவில்லை. டீச்சர் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். இத்தனை இடம் விடு என்றார். இடம் விடுவது அம்சவள்ளிக்கு லேசில் வரவில்லை. வந்த பிறகு அதை விடவும் முடியவில்லை. கேமரன் மலையிலிருந்து விலைக்கு வரும் பூ டீச்சருக்கே பிடிக்காது. அம்சவள்ளி தோட்டத்திலிருந்து கொண்டு போனாள்: செம்பனை மரத்தில் ஒட்டி வளரும் பெரணி, காய்ந்த மட்டை, கணக்கெழுதும் கிராணி வீட்டு வேலியோரத்து இட்லிப்பூ. அதைப் பார்த்ததும் டீச்சர் முகம் மலர்ந்துவிடும். சனிக்கிழமைக்காக மற்ற நாளெல்லாம் வாழ்கிறோம் என்று அம்சவள்ளிக்குப் பட ஆரம்பித்தது.

கங்காவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. கிள்ளான் மாப்பிள்ளை, நல்ல இடம். தாரை வார்த்துக் கொடுப்பது செல்லனின் அண்ணன், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் நாராயணசாமி மண்டோரும் அவர் சம்சாரமும் என்று பேசி முடித்தார்கள். அம்சவள்ளிக்கு வழக்கம்போலப் பின்னால். ஆனால் ஒரே ஒரு ஆசை வந்துவிட்டது. தான்தான் மேடையில் நிற்க முடியாது, தன் கையால் வைத்த பூவாவது மகள் பக்கத்தில் இருக்கட்டும். டீச்சர் கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அதைத்தான் கேட்டாள். பூவை நான் வைக்கிறேன், நீங்கள் கொண்டு வந்து கொடுங்கள். ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தைச் சொல்ல மலாயில் அவளுக்கு வார்த்தை இல்லை.

கல்யாணத்தன்று டீச்சர் கிமோனோ உடுத்தி, சாடியை மடியில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி வேனில் வந்து இறங்கினார். தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபமே வாயைப் பிளந்தது. வளைந்த மட்டை ஒன்று, பெரணி, சாய்ந்தாற்போல இட்லிப்பூக் கொத்து. மேடையில் கங்காவுக்கு வலது பக்கம் வைத்தார்கள்.

"என்னாலா இது, ஒரு குச்சி, நாலு பூவு? மிச்சத்த வேன்ல வுட்டுட்டு வந்துட்டாங்களா?" என்றார் நாராயணசாமி.

"சும்மா இருங்க மண்டோரே. ஜப்பான் டீச்சர் கைவேலை. கிள்ளான்ல எவன் கல்யாணத்துல இப்பிடி வச்சான்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா தாயம்மா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரிடம் திரும்பி, எல்லாம் நீங்களே செய்ததா என்று மலாயில் கேட்டாள்.

டீச்சர் சிரித்தார். "புக்கான் சாயா. அம்சா" என்றார். நான் இல்லை, அம்சா. மண்டபத்தின் கடைசியில் அடுப்படிக் கதவோரம் நின்றவளைக் கை நீட்டிக் காட்டினார். மாணவியைப் பெருமைப்படுத்துகிறோம் என்று பாவம் அவர் நினைப்பு.

தாயம்மாவின் முகம் சுண்டிப்போனது. "என்ன சம்பந்தி, நீங்களா வச்சீங்க? முகூர்த்த நேரத்துல?"

அம்சவள்ளி மண்டபத்தைக் கடந்து எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "இல்லீங்க சம்பந்தியம்மா! நான் கம்பு பொறுக்கிக் குடுத்தேன், அம்புட்டுத்தான். அவங்க ஊர்ல தான் செஞ்சத தான் செஞ்சேன்னு சொல்ல மாட்டாங்க. மரியாதைக்கு அடுத்தவங்க பேரச் சொல்லுவாங்க." பொய் அவ்வளவு சரளமாக வந்தது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "தோலோங், சென்செய்" என்றாள். தயவு செய்யுங்கள் என்பதற்கு மேல் அவளிடம் மலாய் இல்லை.

டீச்சர் அவளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். மாணவி வைத்த பூவைத் தன்னுடையது என்று சொல்வதை அவர் தொழிலில் திருட்டு என்பார்கள். மெதுவாக விரலைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டார். "சாயா" என்றார்.

தாயம்மா சிரித்துவிட்டாள். மேளம் கொட்டியது, தாலி ஏறியது, பூ மகள் பக்கத்திலேயே இருந்தது. அம்சவள்ளி அடுப்படிக்குத் திரும்பிப்போய் மோர்ச் சட்டி பக்கத்தில் நின்று அழுதாள். ஜெயித்த அழுகைதான். டீச்சர் சாப்பிடாமல் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. எப்போதும்போல கத்திரியைக் கொடுத்தார். ஆனால் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது. விளக்கிச் சொல்ல இருவரிடமும் பாஷை இல்லை. மழைக்காலம் வரும் முன்பே மேனேஜருக்கு மாற்றல் வந்தது, டீச்சரும் தம்பியோடு ஊருக்குப் போய்விட்டார். அம்சவள்ளி லயத்து வரிசை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மைலோ டின்னில் பூ வைத்துப் பார்ப்பாள். பார்க்க வேறு ஆள் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் கங்காவுக்கு வயிற்றிலிருந்தது தங்கவில்லை. அம்சவள்ளி கிள்ளானுக்கு ஓடினாள். தாயம்மாதான் வாசலில் எதிர்கொண்டு கையைப் பிடித்தாள். "சாமி குடுக்கல, என்னா பண்றது சம்பந்தி. சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும். நீங்க மனச வுட்றாதீங்க" என்று சொல்லிக் காப்பியும் கலந்து கொடுத்தாள். நல்ல மனுஷி.

கங்கா அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தாள். "நான் யாருக்கும்மா என்ன கெடுதல் செஞ்சேன்?" என்றாள்.

அம்சவள்ளியின் கை மகள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. கல்யாணத்துக்கு இட்லிப்பூக் கொத்தை மகள் பக்கமாகச் சாய்த்து வைத்த கை. சீச்சீ, அதெல்லாம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் கையை எடுத்து மடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் பேத்தல் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனுஷி கடல் தாண்டி இருந்தார். இங்கே யாரிடம் கேட்பது? கேட்டால் பூ வைத்தது யார் என்று சொல்ல வேண்டும். தாயம்மாவோ, மண்டோரோ, யாராவது ஒருத்தர் 'உன் கை பட்டதனால்தான்' என்று சொல்லியிருந்தால், அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தெருவுக்கே இறங்கிச் சண்டை போட்டிருப்பாள். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அவளிடம் அன்பாகவே இருந்தார்கள்.