மாப்பிள்ளைக்கு ரத்தம் பார்த்தாச்சா?

எனக்கு எண்பது முடிந்துவிட்டது. பெற்று வளர்த்தது நான்கு. அதில் கடைக்குட்டி மகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அவளை ராஜபாளையத்தில் ஒரு லாரிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தோம். அவனுக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தது. அவனுக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தே தாலி கட்டினான். மகள் சாகக் கிடந்தபோது அவனே சொல்லி அழுதான். நோய் வந்ததை நான் குற்றம் சொல்லவில்லை, மறைத்ததைச் சொல்கிறேன். அவள் போனதும் சம்பந்தியம்மா, "அவ கொண்டாந்த சீக்கு" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

வருஷம் திரும்புவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணத் தகவல் நிலையத்தில் அவன் போட்டோவைக் கொடுத்துவிட்டார்கள். செட்டியார்பட்டியில் ஒரு பெண்ணைப் பேசிமுடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையும் சாக வேண்டுமா?

எய்ட்ஸ் பற்றி ஊர் ஊராகப் பேசிவந்த ஒரு பெண்ணிடம் போனேன்.

"ஒருத்தர் நோயை வெளிய சொல்லக் கூடாது ஆச்சி."

"சொல்லல. கேக்கலாம்லா?"

"எல்லார்ட்டயும் கேட்டா தப்பில்ல" என்று சிரித்தாள். கை நிறைய நோட்டீஸும் கொடுத்தாள்.

தகவல் நிலைய வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வரன் தேடி வந்த எல்லாரிடமும் நோட்டீஸைக் கொடுத்து, "மாப்பிள்ளைக்கு ரத்தம் பார்த்தாச்சா? பொண்ணுக்கும் பாருங்க" என்றேன்.

நிலையக்காரர் கத்தினார். "ஆச்சி, யாவாரத்தக் கெடுக்காதிய! வாரவுக எல்லாம் பயந்து ஓடுதாக!"

"ஓடுதவனுக்கு ஏன் பொண்ணு பாக்கிய?"

செட்டியார்பட்டிப் பெண்ணின் தகப்பனாரும் வந்தார். எல்லாரிடமும் கேட்டதையே அவரிடமும் கேட்டேன். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. அவர் போய், இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்றிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முடியாது என்றார்கள். பேச்சு முறிந்தது.

சம்பந்தியம்மா பாய்ந்துகொண்டு வந்தாள். "ஏட்டி, எம்மவன் பேரச் சொன்னியா?"

"யார் பேரையும் சொல்லலியே. ஏன், ஒம்மவனுக்கு ஊசின்னா பயமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் கறுத்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் பெண் கேட்டுப் போன வீடெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டது. கடைசிவரை அவனுக்கு ஒரு பெண்ணும் அமையவில்லை. அவன் செத்தபோது நான் துட்டி கேட்கப் போகவில்லை. பால்கோவா வாங்கித் தின்றேன்.

இவ்வளவையும் எழுதி மகனுடைய மகளிடம் நீட்டுகிறேன். "ஏட்டி, சத்தமா வாசி. எங்கயாவது நான் அவுகள மன்னிச்சிட்ட மாதிரி இருந்தா, அந்த வரிய அடிச்சிரு."