நடு சீட்டும் இடது கால் ஷூக்களும்

ஷூ கம்பெனியில் சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான். ஜோடியாக அனுப்பினால் பார்க்கிறவர் மாட்டிக்கொண்டு போய்விடுவார் என்று இந்தத் தொழிலுக்கே ஒரு பயம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமில் நான் உதவியாளன். வயது பதினெட்டு. வெளிநாட்டுக் கடைகளுக்காக ஷூ பார்த்து ஆர்டர் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. ஒற்றைக் கால்களை அங்கே சேர்ப்பது என் வேலை. ஃப்ளைட்டில்!

நடு சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்து முழங்கைக்கும் இடம் விட்டு, மூச்சை மட்டும் சொந்தமாக வைத்திருந்த அன்பர்களே, இது உங்களுக்குத்தான். இதில் ஒரு சிரிப்பு நிச்சயம் உண்டு. இப்போது தர மாட்டேன். ஒரு மணி நேர ஃப்ளைட்டுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்த ஆட்கள் நீங்கள், இதற்கும் இருங்கள்.

குரலுக்குக் கிடைத்த டிக்கெட்

எனக்கு எவர் குரலும் வரும். கேட் வாட்ச்மேன், கேன்டீன் அக்கா, கம்பெனி பஸ் டிரைவர், எல்லாரையும் பேசுவேன். கம்பெனியை நடத்துகிற ஜி.எம். குரல் ரொம்ப சுலபம். ஆரம்பத்தில் தொண்டையில் ஒரு ‘ஹ்ம்க்’, முடிவில் ஒரு ‘புரியுதா இல்லியா’. நடுவில் எதைச் சொன்னாலும் நடந்துவிடும்.

முதலில் என்னை பஸ்ஸில்தான் அனுப்பினார்கள். பன்னிரண்டு மணி நேரம். இரண்டாவது தடவை இறங்கும்போது என் முதுகு எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டது. அதனால் ஒரு மத்தியானம் கேன்டீன் இன்டர்காமை எடுத்து, டிக்கெட் போடுகிற கிளார்க் செல்வம் அண்ணனைக் கூப்பிட்டேன். “ஹ்ம்க். செல்வம், சாம்பிள் பையனை ஏன்யா பஸ்ல அனுப்பற? சாம்பிள் கசங்குது. இனிமே ஃப்ளைட்டு. புரியுதா இல்லியா?”

அந்தப் பக்கம் மெதுவாக ஒரு ‘ஹ்ம்க்’ கேட்டது. என் குரல்தான் ஒயரில் போய்த் திரும்பி வருகிறது என்று நினைத்தேன். அப்புறம் செல்வம் அண்ணன் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “சரிங்க சார். ஜன்னல் சீட்டா, நடு சீட்டா சார்?”

பன்னிரண்டு இடது கால்

‘ஜன்னல்’ என்று சொல்லத் தெரியாத என் வாய், அடுத்த வாரமே நடு சீட்டில் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் செக்யூரிட்டி. என் பை மெஷினுக்குள் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. பிரித்தார்கள். வரிசையாகப் பன்னிரண்டு ஷூ, பன்னிரண்டும் இடது கால்.

மீசை வைத்த ஆபீசர் ஒருவர் இந்தியில், ஜோடி எங்கே என்றார். சாம்பிள் என்றேன். ஜோடி எங்கே என்றார். ஆம்பூர் தோஸ்துகளிடம் கற்ற உருதுவில், அவர் குரலிலேயே விளக்கம் சொன்னேன். அதுதான் தப்பு. பெல்ட்டைக் கழற்று, பர்ஸை எடு, ஓரமாக நில். பின்னால் வரிசையில் இருந்த அத்தனை பேரும் நான் எவன் காலையோ வெட்டிக் கொண்டுவந்த மாதிரி பார்த்தார்கள். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு ஆபீசரம்மா வந்து, பையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். “இங்க ஜோடியா இருக்கறது உன் கால்ல இருக்கறது ஒண்ணுதான், அதையும் கழட்டு.”

வாசனை

இரண்டாவது ஃப்ளைட். ஜன்னலோரம் தூங்குகிற ஒரு அம்மா. இந்தப் பக்கம் இஸ்திரி கலையாத ஒருவர், மடியில் லேப்டாப். என் முழங்கால் முன் சீட்டில் முட்டிக்கொண்டிருந்தது. பை காலடியில். புதுத் தோலுக்கு ஒரு வாசனை உண்டு. எங்கள் ஊரில் அதை யாரும் கவனிப்பதில்லை, காற்றே அதுதான்.

தலையைத் திருப்ப இடமில்லாததால் கீழே பார்த்தேன். அவர் போட்டிருந்த ஷூ 602. எங்கள் கம்பெனி மாடல். விரல் மேலே இரட்டைத் தையல் ஓடும். தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் ஆறாவது லைனில் அந்தத் தையலை ஓட்டுவது என் அம்மா. சார், இது எங்க அம்மா தைச்சது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையைத் தூக்கி ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டுவிட்டார். “மேடம், இந்தப் பையன்கிட்டேர்ந்து ஏதோ நாத்தம் வருது, எனக்கு வேற சீட்டு குடுங்க.”

வீட்டில் ஒரு அறிவிப்பு

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஏர்ஹோஸ்டஸ் குரலில், சீட் பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று கரண்டியை வைத்துக்கொண்டு செய்து காட்டினேன். மாதனூரில் எங்கள் வீட்டுக்கு எமர்ஜென்சி கதவு ஒன்றுதான், அதுவும் வாசல்தான் என்றதும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “டேய் மணி, 602 லாஸ்ட் எல்லாம் ரேக்லதானே இருக்கு?” என்றார்.

லாஸ்ட் என்பது பிளாஸ்டிக் கால். அதன்மேல் தோலை இழுத்து மாட்டித்தான் ஷூவுக்கு வடிவம் வரும். சாம்பிள் வெளியே போனால் ஆர்டர் கேட்கப் போகிறோம் என்று அர்த்தம். லாஸ்ட் வெளியே போனால் அந்த மாடலை வேறு எவனோ தைக்கப் போகிறான் என்று அர்த்தம். போன வருஷம் நாலாவது லைனை மூடுவதற்கு முன்னால் அப்படித்தான் ஒரு நாள் ரேக் காலியாக இருந்தது. 602 இல்லையென்றால் ஆறாவது லைன் இல்லை. அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் இன்னொரு கம்பெனி கேட்டில் நின்றால், கண் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். “ஹ்ம்க். ஆறாவது லைன் எங்கியும் போகாதும்மா. நான் இருக்கேன். புரியுதா இல்லியா?” அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் இதைச் சொல்லி மொத்த லைனையும் சிரிக்க வைத்தாராம். படுக்கப் போகும்போது மட்டும் சொன்னார்: “அந்த ஆளு வாயால இத ஒரு தடவ கேட்டுட்டா போதும்டா.”

பூட்டிய பெட்டி

மூன்றாவது ஃப்ளைட்டுக்குப் பெட்டியை சாம்பிள் ரூமில் கட்டவில்லை. ஜி.எம். கார் டிக்கியிலிருந்து செல்வம் அண்ணனே எடுத்துக் கொடுத்தார். பூட்டு போட்டிருந்தது, சாவி ஹைதராபாத்தில் இருக்கிறதாம். அதே கார் என்னை ஏர்போர்ட் வரை கொண்டுவந்து விட்டது. வேலூர் சத்துவாச்சாரி தாண்டும்வரை பின் சீட்டில் ஜி.எம். மாதிரியே சாய்ந்து உட்கார்ந்து, டிரைவருக்கு ‘ஹ்ம்க்’ போட்டுக்கொண்டு வந்தேன். நமக்கும் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். அட, நினைக்கத்தானே செய்தேன்.

கவுன்ட்டரில் பெட்டியைத் தூக்கி வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பதினைந்து கிலோவுக்குக் கொஞ்சம்தான் கம்மி. உள்ளே என்ன என்று கேட்ட கவுன்ட்டர் பெண்ணிடம், சாம்பிளாக இருக்கும், சாவி என்னிடம் இல்லை என்றேன். அவள் ஸ்டிக்கர் ஒட்டியபடியே கேட்டாள்: “உள்ள இன்னா இருக்குன்னு தெரியாமலா சார் தூக்கினு வந்தீங்க?”

பெல்ட்டில் நடந்தவை

ஹைதராபாத்தில் பெட்டி வரும் பெல்ட் முன்னால் எல்லாரும் நின்றிருந்தோம். என் பெட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கால் வந்தது. அப்புறம் இன்னொன்று. பூட்டு அப்படியே இருந்தது, ஜிப்தான் வாயைப் பிளந்துவிட்டது. வெள்ளைக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்தன. குழந்தைகள் கை தட்டின. சென்னையிலிருந்து கூட வந்த பெரியவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஆளு வரல, காலு மட்டும் எறங்கிடுச்சு!” என்றார். எல்லாரையும் விட சத்தமாகச் சிரித்தது நான்தான்.

சிரித்துக்கொண்டே பொறுக்கினேன். இடது. வலது. முப்பத்தொன்பது சைஸ், நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு வரைக்கும் ஜோடி ஜோடியாக. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் 602. அடியில் தோல் வெட்டுகிற அளவு அட்டைகள், கயிறு போட்டுக் கட்டிய முழுக் கட்டு.

அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டேன். சொந்தக் குரலில் கேட்டால் பதில் வராது என்று பழக்கம். “ஹ்ம்க். செல்வம், 602 லாஸ்ட் ஏன்யா ஹைதராபாத்துக்கு வந்துது? புரியுதா இல்லியா?” என்றேன். அந்தப் பக்கம் ஒரு ‘ஹ்ம்க்’ கேட்டது. இந்தத் தடவை அது ஒயரில் திரும்பி வந்தது இல்லை என்று தெரிந்தது. “தம்பி, சார் என் எதிர்லதான் உக்காந்துனு இருக்காரு,” என்றார் செல்வம் அண்ணன், மெதுவாக. “அன்னிக்கு நீ ஃப்ளைட்டு கேட்டப்பவும் இங்கதான் இருந்தாரு. கூரியர்ல போட்டா கேட்லயே லைனுக்குத் தெரிஞ்சிடும், இவன் தூக்கினு போனா சாம்பிள்னு நெனைப்பாங்க, கேக்கறத போட்டுக் குடுன்னு அவருதான் சொன்னாரு.” அவருக்கு எதிரிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, நான் உங்களுக்குத் தருகிறேன் என்று சொன்ன சிரிப்பு அதுதான்.

எல்லார் குரலும் வருகிற எனக்கு, அம்மாவுக்குப் போன் போட்டு எந்தக் குரலில் பேசுவது என்பது மட்டும் அந்த பெல்ட் நிற்கும் வரைக்கும் தெரியவில்லை.